வேட்டை நாய் வளர்க்க விரும்புவோர்க்கு

நம் சங்கத்து அங்கத்தினர்களில் நெசவாளரும் உளர், பயிரிடுவோரும் உளர். நூல் விலையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் நம்மிடம் வந்து வினவுவது போலவே, சில காலமாக நாயைப் பற்றியும் வினவத் தொடங்கியிருக்கின்றனர். "கன்னிக் குட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்பார் ஒருவர். "தோட்டத்துக் காவலுக்குச் சிப்பிப்பாறை நல்லதா, கோம்பை நல்லதா?" என்பார் மற்றொருவர். இதற்குச் சங்கத்தில் கடன் கிடைக்குமா என்று கேட்டவரும் உண்டு. கறவை மாட்டிற்குக் கடன் வாங்குகிறவர் பாலை விற்றுத் தவணை கட்டுவார், தாங்கள் எதை விற்றுக் கட்டுவீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

இந்த ஆவல் திடீரென்று தோன்றியதன்று. 2005-ஆம் ஆண்டில் நம் நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றுள் ராஜபாளையமும் ஒன்றாக இருந்தது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் பிரதம மந்திரி தம் வானொலி உரையில் நாட்டு இனங்களை வளர்க்குமாறு கூறிய போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்னும் பெயர்கள் நாடெங்கும் ஒலித்தன. அழிந்துவிடுமோ என்று அஞ்சப்பட்ட இனங்கள் மதிப்புப் பெற்றதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், மதிப்புப் பெறுதல் வேறு, பொருத்தமான வீட்டிற்குப் போய்ச் சேர்தல் வேறு. குட்டி வாங்கிய ஓராண்டிற்குள் அதைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு வந்தவர்களையும் நாம் அறிவோம். ஆதலின், வாங்கும் முன்னரே யோசிக்க வேண்டியவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நம் தெருவில் திரிகின்ற நாட்டு நாய் எவராலும் ஒரு வேலைக்கென்று ஆக்கப்பட்டதன்று. அது மனிதரோடு மனிதராய் ஒட்டி வாழ்ந்து, கிடைத்ததைத் தின்று, நிழல் கண்ட இடத்தில் படுத்துத் தன்னைத் தானே அமைத்துக்கொண்டது. வேலைக்கென்று வளர்க்கப்பட்ட இனம் அத்தகையதன்று. தலைமுறை தலைமுறையாக, வேலையில் சிறந்த ஆணையும் பெண்ணையும் தேர்ந்து சேர்த்து, அந்த வேலையைச் செய்யாமல் இருக்க முடியாத ஒரு பிராணியாக அதை மனிதரே ஆக்கியிருக்கின்றனர். அதன் காலும் கண்ணும் மட்டுமல்ல, மனமும் அவ்வாறு ஆக்கப்பட்டதுதான்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்லலாம். இங்கிலாந்திற்கும் ஸ்காட்லாந்திற்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில் ஆடு மேய்ப்பதற்கென்று வளர்க்கப்பட்டது பார்டர் கோலி என்னும் இனம். நார்தம்பர்லாந்தில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஹெம்ப் என்ற ஆண் நாயின் வழியே இன்றைய பார்டர் கோலிகளில் மிகப் பல வந்தன என்பர். குரைக்காமல், கடிக்காமல், உடலைத் தாழ்த்தி உற்றுப் பார்த்த பார்வையாலேயே ஆட்டு மந்தையைத் திருப்புவது அதன் திறமை. அதே நாயைப் பட்டணத்தில் இரண்டு அறை கொண்ட வீட்டில் வைத்தால் என்ன செய்யும்? ஆடு இல்லை. ஆகவே, குழந்தைகளை மடக்கி ஒரு மூலையில் சேர்க்கும், சைக்கிள் சக்கரத்தைத் துரத்தும், சுவரில் விழும் நிழலை மணிக்கணக்காக உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று வீட்டார் நினைப்பர். பைத்தியமன்று, வேலையில்லாத் திண்டாட்டம்.

நம் தென் மாவட்டத்து இனங்களுக்கு வருவோம். நான்கு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் நான்கும் ஒரே வேலைக்கானவை அல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ஒடுங்கிய தலை, ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், சாட்டை போன்ற வால் ஆகிய இவ்வளவும் ஓட்டத்திற்கென்றே அமைந்தவை. இவை மோப்பத்தைவிடக் கண்ணை நம்புவன. தொலைவில் ஏதேனும் அசைந்தால் போதும், ஓடிவிடும். கறுப்பு உடலும் பழுப்புக் காலும் உடையதைக் கன்னி என்றும், வெளிர் நிறமுடையதைப் பால்கன்னி என்றும் வழங்குவர். கோம்பை, தேனி மாவட்டத்து ஊரின் பெயரால் வந்தது. செந்நிற உடலும் கறுத்த மூஞ்சியும் கொண்டது. ஓட்டத்தைவிடக் காவலுக்கே பேர் பெற்றது. ராஜபாளையம் உருவில் பெரியது, வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. வேட்டைக்கும் காவலுக்கும் வைத்திருந்தனர். வீட்டாரிடம் பாசமும் அயலாரிடம் ஐயமும் அதன் இயல்பு.

ஆகவே, "தோட்டத்துக் காவலுக்கு" என்று சொல்லிக்கொண்டு ஒரு கன்னியை வாங்குகிறவர், நூல் நூற்க வேண்டிய இடத்தில் ஏற்றம் இறைக்கும் எருதைக் கட்டியவர் ஆகிறார். எல்லையில் நின்று காப்பது கன்னியின் இயல்பன்று. வரப்பில் ஒரு கீரிப்பிள்ளை ஓடினால் அதன் பின்னே போய், மூன்று புன்செய் தாண்டித்தான் நிற்கும். திரும்பி வருவதற்குள் காட்டுப்பன்றி நிலக்கடலையைத் தோண்டி முடித்திருக்கும். காவல்தான் தேவையென்றால் கோம்பையைப் பற்றி யோசிக்கலாம். நல்ல நாட்டு நாய் ஒன்றைப் பற்றி யோசித்தால் இன்னும் நல்லது.

இனி, எவரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. முயல் வேட்டை நாய்க்கு இன்று முயல் வேட்டை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் முயலைப் பிடிப்பதும் கொல்வதும் தண்டனைக்குரிய குற்றம். நாயை ஏவிவிட்டுக் கை கட்டி நின்றாலும் குற்றம் குற்றமே. "எங்கள் தாத்தா காலத்திலிருந்து வழக்கம்" என்பது நீதிமன்றத்தில் செல்லாது. சட்டம் ஒருபுறம் இருக்க, நிலமும் மாறிவிட்டது. அக்காலத்தில் அறுவடை முடிந்த கரிசல் காடு கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வெளியாகக் கிடந்தது. இன்று அதே வெளியில் நாற்கரச் சாலை ஓடுகிறது, முள்வேலி நிற்கிறது, சுற்றுச்சுவர் இல்லாத பழங்கிணறுகள் வாய் திறந்து கிடக்கின்றன. பாய்ந்து ஓடும் நாய் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதில்லை. ஓட்டம் ஏறிவிட்டால் அதன் காது அடைத்துப் போகிறது. இவ்வகை நாய்கள் வண்டியில் அடிபட்டும் கிணற்றில் விழுந்தும் சாவதை நம் பகுதி அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர்.

எனவே, நாயை வாங்குகிறவர் காலையும் கண்ணையும் மட்டும் வாங்குவதில்லை; செய்வதற்கு வேலையில்லாத ஒரு பெரும் சக்தியை வாங்குகிறார். அந்தச் சக்தியை எங்கே செலவிடச் செய்யப் போகிறார் என்பதே கேட்க வேண்டிய முதற்கேள்வி. விலை, நிறம், வாலின் வளைவு எல்லாம் அதற்குப் பின்னரே.

நம் சங்கத்து நெசவாளர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். அவருடைய அனுமதி பெற்றே எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார். அவருடைய மூத்த மகன் வெளியூரில் மில் வேலை பார்த்தவன். பொங்கலுக்கு வந்தபோது மடியில் ஒரு சிப்பிப்பாறைக் குட்டியை வைத்துக்கொண்டு பேருந்தை விட்டு இறங்கினான். பத்து நாள் கழித்துக் குட்டியை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான். வீடோ, நடுக்கூடத்தில் குழித்தறி இரண்டு போட்ட வீடு. குட்டி முதலில் எல்லார்க்கும் விளையாட்டுப் பொருளாக இருந்தது. ஐந்தாம் மாதம் தார்க்கூடையைக் கவிழ்த்து நூலைக் கடித்தது. பாவிற்குப் போட வைத்திருந்த கஞ்சியை நக்கிற்று. தறிக்குழிக்குள் இறங்கி மிதியில் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு கயிற்றில் கட்டினர். கட்டியதும் குரைக்கத் தொடங்கியது. பகலெல்லாம் குரைப்பு, இரவில் ஊளை. அண்டை வீட்டார் முகம் சுளிக்கலாயினர்.

ஒன்பதாம் மாதம் ஒரு நாள் விடியற்காலை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று வீட்டுப் பாவுகளை நீட்டிக் கஞ்சி போட்டு ஆற்றிக்கொண்டிருந்தனர். ஆயிரக்கணக்கான இழைகள் நாணேற்றியது போல் விறைத்து நிற்கின்ற நேரம் அது. நெசவாளர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஒரு பூனை குறுக்கே ஓடிற்று. நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. பாவின் அடியே போயிருந்தால் தப்பியிருக்கலாம், நடுவே போயிற்று. போய், சிக்கி, வெருண்டு, உருண்டது. அறுந்த இழைகளை எடுத்து முடிய மூன்று குடும்பத்துப் பெண்களும் இரண்டு நாள் உட்கார்ந்தனர். ஒரு பாவு முற்றும் வீண். அது சங்கத்து நூல். கணக்கில் அவர் பெயரில்தான் ஏறியது. அன்று மாலையே நாய்க்கு விஷம் வைக்க வேண்டும் என்று தெருவில் ஒருவர் சத்தமாகச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். வீணான பாவு அவருடையது.

நாய் செய்த குற்றம் என்ன? ஓடுகிறதைத் துரத்தியது. அதற்காகவே அதன் பாட்டனையும் முப்பாட்டனையும் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். ஒன்பது மாதமாக ஒரு முழு ஓட்டம்கூட ஓடாமல் நான்கு முழக் கயிற்றில் நின்ற நாய் அது.

கயிற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நாயைக் கட்டி வளர்ப்பதே முறை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்தவர் சிலரே. எப்பொழுதும் சங்கிலியிலோ அடைப்பிலோ வைக்கப்படும் நாய்க்கு நியாயமான அளவு ஓட்டமும் நடையும் தராமல் இருப்பது அந்தச் சட்டப்படி வதை. சட்டத்திற்கு அஞ்சியாவது செய்க என்று நாம் சொல்லவில்லை; கட்டிவைத்த நாய் காவலுக்கும் உதவாது என்பதே நம் அநுபவம். அது எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். எல்லாரையும் பார்த்துக் குரைக்கும் நாயின் குரலை வீட்டார் கேட்பதையே விட்டுவிடுவர். திருடன் வருகிற இரவிலும் அது குரைக்கத்தான் செய்யும். எழுந்து பார்ப்பவர் இரார்.

அப்படியானால் எவ்வளவு ஓட்டம் வேண்டும்? வளர்ந்த வேட்டை நாய்க்குக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று கொள்க. அதில் ஒரு பகுதியாவது வேலியிட்ட இடத்தில் கட்டவிழ்த்து விட்ட ஓட்டமாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மணி; பத்தாண்டிற்கு 7,300 மணி. பத்தாண்டிற்கு மேலும் இவை வாழ்வதுண்டு. இந்த மணிகளைக் கொடுக்கப் போகிறவர் யார் என்று வீட்டில் ஆள் குறித்துக்கொள்ள வேண்டும். குட்டியைக் கேட்பவன் பெரும்பாலும் மகன். நடத்திக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் தாய். தறியும் அடுப்பும் மாடும் ஏற்கெனவே அந்த அம்மையார் தலையில்தான் இருக்கின்றன. அவரைக் கேட்டீர்களா என்று நாம் வினவினால், பலர் பதில் சொல்லுவதில்லை.

ஓட்டத்திலும் முறை உண்டு. குட்டிப் பருவத்தில் எலும்பு முற்றுவதில்லை. ஓராண்டு நிறையும் வரை மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டி ஓட்டுவது போன்றவற்றைச் செய்யலாகாது. பிற்காலத்தில் மூட்டு கெடும். வளர்ந்த நாயையும் அவ்வாறு ஓட்டுவதை நாம் விரும்பவில்லை. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகையால் சூரியன் ஏறுமுன்னும் இறங்கிய பின்னுமே ஓட்டம். கோடைப் பகலில் தார்ச்சாலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், நம் கை தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது என்பது விளங்கும். நம் இனங்களுக்குக் குட்டை ரோமம். அவையே இப்படியென்றால், அடர்ந்த ரோமமுடைய குளிர்நாட்டு நாய்களை நம் ஊரில் வைத்திருப்பது பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டம் மட்டும் போதுமா? போதாது. மனத்திற்கும் வேலை வேண்டும். கூப்பிட்டால் வருதல், உட்கார் என்றால் உட்காருதல், வாசற்படியில் நிற்றல், கையிலிருந்து பிடுங்காமல் வாங்கித் தின்னுதல் என்னும் இவற்றைச் சிறு வயதிலேயே, நாளைக்குப் பத்து நிமிஷமாக, ஒரு துண்டு கருவாட்டையோ வேகவைத்த முட்டையையோ காட்டிக் கற்பிக்கலாம். அடித்துக் கற்பிக்க முயல்வது வேட்டை நாய்களிடம் பலிப்பதில்லை. அவை மென்மையான மனமுடையவை. ஒருமுறை அடிபட்டால் அடித்தவர் கையைக் கண்டு ஒதுங்கும். ஒதுங்கும் நாய் கூப்பிட்டால் வராது.

ஆடு, கோழி வளர்ப்போர் தனியே யோசிக்க வேண்டும். ஓடுவதைத் துரத்தும் நாய்க்கு முயலுக்கும் கோழிக்கும் உள்ள வேற்றுமை தானாகத் தெரியாது. இரண்டு மூன்று மாதக் குட்டியிலிருந்தே ஆட்டோடும் கோழியோடும் கண் பார்வையில் வளர்த்தால் பெரும்பாலும் பழகிவிடும். வளர்ந்த நாயை வாங்கி வந்து கோழியினிடையே அவிழ்த்து விட்டுவிட்டு, மாலையில் இறகுகளைப் பெருக்கியவர்களுக்கு நாம் ஆறுதல் கூறுவதற்கில்லை. வீட்டில் பழகிய நாய்கூட அண்டை வீட்டு ஆட்டைத் தன் வீட்டு ஆடாக எண்ணாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் நாயின் சொந்தக்காரரே.

உணவைப் பற்றி. முன்னோர் கம்பங்கூழும் சோளக்கூழும் மோரும் ஊற்றியே இந்நாய்களை வளர்த்தனர் என்பது உண்மை. ஆனால், அந்த நாய்கள் காட்டில் ஓடித் தாமும் ஏதேனும் தின்றன. இன்று வெறும் கூழோ பால்சோறோ மட்டும் போட்டால் வளரும் குட்டிக்குச் சத்துப் போதாது. முட்டை, மீன், இறைச்சி, ஈரல் என்று ஏதேனும் சேர வேண்டும். இதற்கான மாதச் செலவை முன்கூட்டியே எழுதிப் பார்க்க. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் விலா எலும்பு சிறிது தெரிவது இயல்பு. பட்டினி போடுகிறார்கள் என்று அயலார் பேசுவதைக் கேட்டு அளவுக்கு மீறி ஊட்டலாகாது. வயிறு நிறைந்தவுடன் ஓடவும் விடலாகாது. மார்பு ஆழ்ந்த இனங்களில் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் நோய் ஒன்றுண்டு. வயிறு மத்தளம் போல் உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் வராமல் நாய் தவித்தால், உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். காலை வரை பார்ப்போம் என்றால் காலையில் நாய் இராது. வெங்காயம் பயிரிடுவோர் கவனிக்க: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மிச்சக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் போடும் வழக்கத்தை விட வேண்டும். திராட்சையும் ஆகாது.

பயிரிடுவோர் நிலத்தில் வேறு விஷங்களும் உண்டு. எலிக்கு வைத்த மருந்துருண்டை, அதைத் தின்று செத்த எலி, மருந்து கலந்த விதை, தெளிப்பான் கழுவிய வாளித் தண்ணீர் ஆகிய இவற்றில் ஒன்று போதும். மேய்ந்து திரியும் துறுதுறுப்புள்ள நாய் மந்தமான நாயைவிட இவற்றை விரைவில் கண்டுபிடிக்கும். மருந்துப் பெட்டிக்குப் பூட்டுப் போடாத வீட்டில் நாயும் வேண்டாம் என்போம். அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தால், நாயைப் பற்றிய பேச்சுக்கு முன்னரே பூட்டை வாங்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக வெறிநாய்க்கடி. இந்நோய் தலைகாட்டிய பிறகு மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது. தடுப்பது மட்டும் எளிது. குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்ட நாடு நம்முடையது. இருந்தும் இன்றுவரை இந்நோய்க்கு உயிர்கள் போகின்றன. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்திற்கொரு முறையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். குட்டிகளை இரத்தக் கழிச்சலால் கொல்லும் பார்வோ நோய்க்கும் அதில்தான் காப்பு. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பின்பு மருத்துவர் குறிக்கும் நாளில் ஆண்டுதோறும். வேட்டை நாய் நரி, கீரி, தெருநாய் என்று எதனோடும் மோதக்கூடியது. ஆதலின் இதில் ஒரு நாள்கூடத் தவறலாகாது. எந்த நாய் கடித்தாலும், பல் பட்ட இடம் சிறிதாயினும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே அரசாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் மிளகாயும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவதை இனியேனும் நிறுத்துவோம். நம் வீட்டு நாய்தானே என்று இருந்துவிடுவதும் அதே தவறு.

சிகிச்சை பற்றி இன்னுமொன்று. வேட்டை இன நாய்களுக்கு உடலில் கொழுப்பு மிகக் குறைவு. ஆதலால், சில மயக்க மருந்துகள் அவற்றின் உடலைவிட்டு நீங்க அதிக நேரம் பிடிக்கும். அறுவை செய்ய நேர்ந்தால், இனத்தின் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டிற்கு வாங்கிய குடற்புழு மருந்தைக் கண்ணளவில் நாய்க்கும் ஊற்றுவது நம்மவர் சிக்கனங்களில் ஒன்று. அந்தச் சிக்கனம் நாயின் உயிருக்கே செலவாகிவிடலாம்.

இவ்வளவையும் கேட்ட பின்னும் வாங்குவதாகத் துணிந்தவர், குட்டியைச் சந்தையில் கூடையிலிருந்து எடுக்கலாகாது. வளர்ப்பவர் வீட்டிற்கே போய்த் தாயைப் பார்க்க வேண்டும். தாய் கூச்சமின்றி வாலாட்டுகிறதா, மூலையில் ஒடுங்கிப் பல்லைக் காட்டுகிறதா என்பதில் குட்டியின் குணம் பாதி தெரிந்துவிடும். தந்தையும் தாயும் உடன்பிறந்தவையாக இருந்தால் வேண்டாம். எண்ணிக்கை சுருங்கிய இனங்களில் இந்தக் குறை அதிகம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாதென்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டு அதற்கு முன்னே பிரித்த குட்டி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்காமலே வருகிறது. ராஜபாளையத்தில் இன்னொரு சோதனை. முழு வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சில குட்டிகளில் வருவதுண்டு. குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பார்க்க வேண்டும். மற்றக் குட்டிகள் இல்லாத இடத்தில் தட்ட வேண்டும், இல்லையேல் அவை திரும்புவதைக் கண்டு இதுவும் திரும்பும். கண் நீலமாக இருப்பது அழகென்று அதிக விலை கேட்பர். அந்த அழகோடு செவிடும் சேர்ந்து வருவது அதிகம். அதற்கு விலை வேறு கொடுப்பானேன்?

பெண் குட்டியை வாங்குகிறவர் அடுத்த கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். ஒரு பேற்றில் ஆறு, ஏழு குட்டிகள்கூட வரும். அவற்றை வாங்க இப்பொழுதே ஆள் இருக்கிறார்கள் என்று கணக்குப் போடுகிறவர், குட்டிகள் பிறந்த மாதத்தில் அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று தேடுவார். கருத்தடை அறுவை செய்துவிடுவதே பெரும்பாலோர்க்கு ஏற்றது.

சிலர், "நாலைந்து தோட்டக்காரர் கூட்டாக ஒரு நாய் வளர்த்தால் என்ன? கூட்டுறவுதானே நம் கொள்கை?" என்று கேட்டனர். பம்பு செட்டைக் கூட்டாக வைக்கலாம், டிராக்டரையும் வைக்கலாம். நாய்க்கு எசமானர் ஒருவரே. ஐந்து பேருக்குப் பொதுவான நாய் ஐவரில் எவர் குரலுக்கும் வருவதில்லை. ஐந்து வீட்டிலும் தின்று, தடுப்பூசிக்குப் போகும் நாளில் எவர் வீட்டிலும் இராது. கூட்டாகச் செய்யத்தக்கது வேறொன்று உண்டு. வேலியிட்ட தோப்பு உடைய அங்கத்தினர் ஒருவர், காலையில் ஒரு மணி நேரம் அண்டை வீட்டாரின் நாய்களையும் அங்கே அவிழ்த்து ஓடவிட இடங்கொடுக்கலாம். தடுப்பூசி நாளில் ஒரே வண்டியில் எல்லாவற்றையும் கொண்டு போகலாம். இதற்குத் தீர்மானம் போட வேண்டியதில்லை, பேசிக்கொண்டால் போதும்.

அந்த நெசவாளர் வீட்டு நாய் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். விஷம் வைக்கவில்லை. அவருடைய இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக்காரி. பாவு வீணான மறுவாரம் முதல் அவள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, பள்ளி மைதானத்தின் வெளிக்கதவைச் சாத்திவிட்டு நாயை அவிழ்த்து விட்டுத் தானும் ஓடுகிறாள். தெருவில் பாவு நீட்டுமுன் இருவரும் வீடு திரும்பிவிடுகின்றனர். மாலையில் மீண்டும் ஒருமுறை. முதல் பத்து நாளிலேயே ஊளை நின்றது. இப்பொழுது பகலில் தறியின் ஓரத்தில், நாடா ஓடும் சத்தத்திற்கு நடுவே, கால்களை நீட்டிக்கொண்டு தூங்குகிறது; தார்க்கூடை அருகே இருந்தும் தொடுவதில்லை. சென்ற மாதம் நாம் போனபோது தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. வீணான பாவிற்கான தொகையை அவர் கூலியிலிருந்து மாதாமாதம் கழித்துக்கொண்டு வருகிறோம். இன்னும் இரண்டு தவணை இருக்கிறது. அந்தப் பெண் வருகிற ஜூனில் கல்லூரிக்கு வெளியூர் போகிறாள். அதன் பிறகு நாலரை மணிக்கு எழுந்து ஓடப் போகிறவர் யார் என்று அவரைக் கேட்டோம். தறியை நிறுத்திச் சற்று நேரம் யோசித்தார், நாயைப் பார்த்தார், "அதைத்தான் நாங்களும் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.